முள்ளியவளைக்கு வரும் தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு

கேள்வி: தஞ்சாவூரைச் சேர்ந்த நான் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் கொழும்பில் படிக்க வந்திருக்கிறேன். உடன் படிக்கும் தோழி வைகாசி விடுமுறைக்கு வடக்கே முல்லைத்தீவுக்குக் கிட்ட முள்ளியவளையில் உள்ள தன் வீட்டுக்கு வரச்சொல்கிறாள். இரண்டு பக்கமும் தமிழ்தானே, பெரிய வித்தியாசம் இருக்குமா? என்ன கொண்டுபோவது, எப்படி நடந்துகொள்வது? போரைப் பற்றி அவர்களிடம் கேட்கலாமா? பாடத்துக்காக ஒரு பயணக் கட்டுரையும் எழுத வேண்டியிருக்கிறது.

பதில்:

கட்டாயம் வாருங்கள். வன்னி என்று நாங்கள் சொல்கிற இந்தப் பகுதியை வைகாசியில் பார்க்கக் கிடைப்பது நல்ல வாய்ப்பு. நான் முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து, இங்குள்ள பள்ளிக்கூடங்களிலேயே படிப்பித்தவள். வெளிநாட்டிலிருந்து வந்து சினேகிதர் வீட்டில் தங்கிப்போன பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறேன். ஜப்பானிலிருந்தோ நோர்வேயிலிருந்தோ வருகிற பிள்ளை எல்லாமே புதிதாக இருக்கும் என்ற நினைப்போடுதான் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் பார்த்து, விசாரித்து, மெதுவாகத்தான் பழகும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. மொழி ஒன்று, சாமி ஒன்று, பாட்டும் படமும் ஒன்று என்று சித்தி வீட்டுக்கு வருவதுபோல வருகிறார்கள். அந்த உரிமை எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதே உரிமையில் வாயில் வருகிற சாதாரணக் கேள்விகள்தான் இங்கே கனமானவை. உங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கூசாமல் கேட்கிற ஒன்றை இங்கே ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டால் அந்த வீடே வாயடைத்துப் போகலாம். பெரிய வித்தியாசம் எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சாப்பாடும் உடுப்பும் இரண்டு நாளில் பழகிவிடும். கேள்விக்குப் பிறகு வருகிறேன், முதலில் வீட்டுக்கு வந்து சேருங்கள்.

கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்கு இரவு பஸ் உண்டு. ஏ9 வீதியில் வவுனியா தாண்டி, மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளைக்கு வரும். மாங்குளம் தாண்டியதும் இரு பக்கமும் காடு. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடு வரும். முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803 இல் அவர்களிடம் தோற்ற இடம் அது, நினைவுக்கல் இருக்கிறது. ஒருநாள் பகலில் தோழியோடு போய்ப் பாருங்கள். கடவுச்சீட்டு எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். இராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம்.

வந்த அன்று மத்தியானம் உங்களை மட்டும் மேசையில் இருத்திச் சோறு போடுவார்கள். கூட இருப்பாள் என்று நீங்கள் நினைக்கிற தோழி நின்றுகொண்டு கறி அள்ளி வைப்பாள். அம்மா குசினி வாசலில் நின்று உங்கள் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி கதவு நிலையில் சாய்ந்து நிற்பான். ஒரு வீடே பார்த்துக்கொண்டு நிற்க நீங்கள் தனியே சாப்பிட வேண்டும். கொழும்பு விடுதியில் ஒன்றாக இருந்து ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர்களுக்கு இது கூச்சமாகத்தான் இருக்கும். "எல்லாரும் வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்று முதல் நாளே வற்புறுத்தாதீர்கள். விருந்தாளி வயிறு நிறைந்த பிறகு வீடு சாப்பிடும், பெண்கள் கடைசியாகச் சாப்பிடுவார்கள். இந்தக் கடைசிப் பகுதி எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் ஒரு கிழமைக்கு வந்த நீங்கள் மாற்றக்கூடிய விஷயம் இல்லை அது. செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிடித்த கறியின் பெயரைச் சொல்லி இன்னும் கொஞ்சம் கேளுங்கள். அடுத்த நாள் காலையில் குசினிக்குள் போய், பலகையில் இருந்து தேங்காய் திருவிக் கொடுங்கள், வெங்காயம் உரியுங்கள். முதலில் தடுப்பார்கள். பிறகு விட்டுவிடுவார்கள். அதன்பிறகு நீங்கள் தனியே சாப்பிட வேண்டி வராது.

சாம்பார், ரசம், மோர் என்ற வரிசை இங்கே இல்லை. சிவப்பரிசிச் சோற்றைச் சுற்றி எல்லாக் கறியும் ஒரே நேரத்தில் வரும். பெரும்பாலானவற்றில் தேங்காய்ப் பால் இருக்கும். தூள் வறுத்து இடித்தது என்பதால் கறி கருஞ்சிவப்பாக இருக்கும், உறைப்பும் கூட. காலையில் பாணும் (உங்கள் பிரெட்) சம்பலும், இரவில் பிட்டோ இடியப்பமோ. நந்திக்கடல் என்கிற எங்கள் கடல்நீரேரியில் இறால் கிடைக்கிற காலமென்றால் கொடுத்து வைத்தவர். வைகாசி, ஆனியில் காட்டுப் பாலைப்பழம் வரும். மஞ்சளாய், சின்னதாய், தேன்போல் இனிக்கும், பால் உதட்டில் ஒட்டும். வீதியோரத்தில் விற்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். நீங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் கொழும்பிலேயே தோழியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வந்தால் உங்களுக்காக ஒரு ஊர்க்கோழி போயிருக்கும்.

அந்தக் கோழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளிக்காக வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். 2022 இல் ஏறின விலைவாசிக்குப் பிறகு கூலி வேலையிலும் வயலிலும் ஓடுகிற குடும்பங்களுக்கு ஒவ்வொரு நாளும் கணக்குத்தான். ஆகவே நான்கு, ஐந்து நாளோடு நிறுத்துங்கள். "உங்கள் வீட்டில் எப்போதும் சாப்பிடுவதையே எனக்கும் தாருங்கள்" என்று தோழியிடம் முன்பே சொல்லி வையுங்கள். காசு கொடுக்காதீர்கள், அது அவர்களைக் குறுகவைக்கும். சீனி, தேயிலை, பால்மா, பிஸ்கட், அப்பிள் என்று ஒரு பை நிறையக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடுங்கள். இங்கே ஒரு வீட்டுக்குப் போகிற எல்லோரும் செய்வது அதுதான், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விபூதி இருந்தால் அம்மம்மாவுக்குக் கொடுங்கள். போகும்போது அம்மம்மா உங்கள் கைக்குள் ஒரு காசுத் தாளை மடித்து வைத்துப் பொத்துவார். வேண்டாம் என்று மறுக்கக் கூடாது.

எப்போது அந்த வீட்டுக்காரராகிவிட்டோம் என்பதும் உங்களுக்குத் தெரிய வரும். பின்னேரம் அம்மா கறிச்சட்டிக்குள்ளேயே மிஞ்சின சோற்றையும் கறிகளையும் போட்டு, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துக் குழைப்பார். சுற்றி இருக்கிற ஒவ்வொரு கையிலும் ஒரு உருண்டை வைப்பார். குழையல் சோறு. விருந்தாளிக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். உங்கள் கையிலும் ஓர் உருண்டை விழுந்தால் சந்தோஷப்படுங்கள்.

நீங்கள் படுக்கப்போகிற வீட்டைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். போர் முடிந்து ஊர் திரும்பியபோது இங்கே அனேக வீடுகளுக்குக் கூரை இல்லை, பலருக்குச் சுவரும் இல்லை. இந்திய அரசு 2010 இல் அறிவித்த வீட்டுத் திட்டத்தில் வடக்கு, கிழக்குக்கு 46,000 வீடுகள். புதிதாகக் கட்டின பெரும்பாலானோருக்குத் தலா 5,50,000 ரூபா, இலங்கைக் காசில், பகுதி பகுதியாகக் கொடுத்தார்கள். குடும்பங்களே நின்று கட்டினார்கள். காசு போதாமல் கடன்பட்டவர்களும் உண்டு. உங்கள் தோழியின் வீடும் அப்படி ஒன்றாக இருந்தால், இந்தியப் பிள்ளை வந்திருக்கிறது என்று அப்பா அதைக் கட்டாயம் சொல்வார். சொல்லும்போது நாட்டின் சார்பில் பெருமைப்பட வேண்டாம், எப்படிக் கட்டினீர்கள் என்று கேளுங்கள். சீமெந்து எங்கிருந்து வந்தது, மணல் என்ன விலை, யார் கல் அரிந்தது என்று ஒரு மணித்தியாலம் சொல்லுவார்.

குளிப்பது பெரும்பாலும் கிணற்றடியில். மறைப்பு இல்லாமலும் இருக்கலாம். பெண்கள் பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டி, குறுக்குக்கட்டோடுதான் குளிப்பார்கள். ஒரு பாவாடை கூடுதலாகக் கொண்டுவாருங்கள். வேறென்ன, ஜீன்ஸ் போட்டு வீதியில் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோயிலுக்கு மட்டும் சேலையோ பாவாடை சட்டையோ. பெண்பிள்ளைகள் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் தனியே போய்வருகிற ஊர் இது. பொழுதுபடுமுன் வீடு திரும்பிவிடுவார்கள், அதற்கு யானையும் ஒரு காரணம். தோழி காட்டாத பாதையில், பற்றைக் காணிக்குள் நீங்களாக இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் எல்லா இடமும் முடிந்துவிடவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்கவே கூடாது.

இனிக் கேள்விகள். "வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?", "அப்பா என்ன வேலை?", "உங்களுக்கு அண்ணன் இல்லையா?", "உன் சின்ன வயது ஆல்பத்தைக் காட்டேன்" என்பவைதான் நான் சொன்ன கனமான கேள்விகள். ஒவ்வொன்றும் ஏன் கனம் என்று விளங்க வேண்டுமானால் உங்கள் தோழியின் வயதைக் கணக்குப் பாருங்கள். 2009 இல் அவளுக்கு ஐந்தாறு வயது இருந்திருக்கும். 2008 இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து சனம் உழவு இயந்திரங்களில் சாமானை ஏற்றிக்கொண்டு கிழக்கே இடம்பெயரத் தொடங்கியது. 2009 ஜனவரித் தொடக்கத்தில் கிளிநொச்சி விழுந்தது. மே நடுப்பகுதிக்குள் அத்தனை சனமும் முள்ளிவாய்க்காலில், கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு மண்ணில் ஒடுங்கிப்போனது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களை விட்டு, கடைசியில் வட்டுவாகல் பாலத்தால் வந்தவர்களில் பலரிடம் உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அங்கிருந்து செட்டிகுளம் முகாம்கள். ஆல்பம், பிறப்புப் பத்திரம், தாலிக்கொடி எல்லாம் அந்த வழியில்தான் போனது. சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லாத ஒரு தலைமுறை இங்கே பல்கலைக்கழகம் போகிறது.

சுவரில் இருக்கிற படங்களையும் பாருங்கள், பார்த்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மாலை போட்ட படங்கள் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே ஆண்டைச் சொல்லலாம். பல வீடுகளில் மாலை போடாத படமும் ஒன்று இருக்கும், பெரும்பாலும் கடவுச்சீட்டு அளவுப் படத்தைப் பெருப்பித்தது. அவர் இல்லை என்று அந்த வீடு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் இருக்கத் தொடங்கிய போராட்டத்தில் நெஞ்சில் பிடித்திருந்தது இப்படிப்பட்ட படங்களைத்தான். பொட்டும் தாலியுமாக இருக்கிற ஒரு மாமியிடம் "மாமா எங்கே வேலை செய்கிறார்?" என்று கேட்டுவிடாதீர்கள்.

கேட்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நீங்கள் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான். அவர்களே தொடங்குவார்கள். பெரும்பாலும் கைக்கு வேலை இருக்கும்போது, கரண்ட் போன இரவில், வெங்காயம் உரிக்கையில், சம்பந்தமில்லாத ஒன்றிலிருந்து கதை அங்கே போய் நிற்கும். அப்போது எழும்பிப் போகாதீர்கள். கைத்தொலைபேசியை எடுக்காதீர்கள். "எனக்குப் புரிகிறது" என்று சொல்லாதீர்கள், ஏனென்றால் உண்மையில் புரிந்திருக்காது, அவர்களுக்கும் அது தெரியும். நீங்கள் விம்மி அழுதால் சொன்னவர் தன் கதையை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற வேண்டி வரும். கேட்டுக்கொண்டிருங்கள். நடுவில் அவர் கதையை மாற்றி, கன்றுக்குட்டி கட்டை அறுத்துக்கொண்டு ஓடின கதைக்குப் போனால் நீங்களும் அதோடு போங்கள். திரும்ப இழுத்து வராதீர்கள்.

உங்கள் தோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்குப் போரின் பிள்ளை என்று தங்களைப் பார்ப்பது அலுத்துவிட்டது. வேலை கிடைக்குமா, வெளிநாடு போகலாமா, கிரிக்கெட், புதுப்படம் என்று உங்களைப் போலத்தான் இருக்கிறார்கள். அவளை அப்படியே இருக்க விடுங்கள்.

நீங்களாகக் கதை தொடங்க வேண்டுமா? வயலைக் கேளுங்கள். தஞ்சாவூர்க்காரருக்கும் வன்னிக்காரருக்கும் அதைவிட நல்ல சந்திப்பு இல்லை. உங்களுக்கு ஜூன் 12 இல் மேட்டூர் திறக்குமா என்பது எவ்வளவு பெரிய கேள்வியோ, இங்கே குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பது அவ்வளவு பெரிய கேள்வி. ஆறு கொண்டுவந்து தருகிற தண்ணீர் இல்லை எங்களுடையது. மழையைக் குளத்தில் தேக்கி வைத்துப் பங்கிடுவது. மாரி மழையை நம்பிப் பெரும்போகம், குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம். முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு போன்ற குளங்களின் கீழ் இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பன்றிக்கும் யானைக்கும் காவல் கிடக்கிற இரவுக் கதைகள் பின்னாலேயே வரும். குறுவை, சம்பா, தாளடி பற்றி நீங்கள் சொல்லுங்கள். ஆவலோடு கேட்பார்.

வைகாசி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். வைகாசி விசாகத்தையொட்டிய திங்கட்கிழமை நடக்கும். அதற்கு முந்திய திங்கட்கிழமை முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்பு நீரில் விளக்கு எரிப்பார்கள். எண்ணெய் இல்லை, கடல் தண்ணீர். பொங்கல் வரை அந்த விளக்கு எரியும். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்தாள், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல் நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள் என்பது ஊர்க்கதை. உங்கள் நாட்டுக் கதையில் மதுரையோடு கோபம் முடிகிறது. இங்கே அவள் பசித்து வந்து, சிறுவர்களிடம் பொங்கல் வாங்கிச் சாப்பிட்ட தாய். தமிழ்நாட்டில் அவளைச் சிலையாகவும் பாடமாகவும் அறிந்த பிள்ளை, இரவிரவாக ஆயிரக்கணக்கான சனம் அவளை நேர்ந்துகொண்டு வருவதைப் பார்க்க வேண்டும். அந்தக் கிழமை முள்ளியவளையில் பல வீடுகளில் மச்சம், அதாவது மீன், இறைச்சி, காய்ச்ச மாட்டார்கள். நீங்களும் கேட்காதீர்கள்.

அந்தக் கோயில் நிற்பது நந்திக்கடலின் ஒரு கரையில். அதே தண்ணீரின் மற்றப் பக்கந்தான் முள்ளிவாய்க்கால். அங்கே செத்தவர்களை நினைக்கிற மே 18 நினைவு நாளும் இந்தப் பொங்கலும் சில வருடங்களில் ஒன்றையொன்று ஒட்டி வரும். நினைவு நாளை ஒட்டிச் சந்திகளில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும். கடைசி நாட்களில் அங்கே சனம் குடித்தது அதைத்தான். உங்களிடமும் ஒரு சிரட்டையோ குவளையோ நீட்டினால் வாங்கி முழுவதும் குடியுங்கள். தஞ்சாவூர் விளாரில் 2013 இல் திறந்த முள்ளிவாய்க்கால் முற்றத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அங்கே கல்லில் செதுக்கியிருப்பவர்களின் பிள்ளைகள், தாய்மார் இங்கே உங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த சிலர் இங்கே வந்ததும் மேடையில் பேசுவதுபோலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பேசுகிறவர் உணர்ச்சியோடுதான் பேசுகிறார், ஆனால் வீட்டுக்காரர் களைத்துப்போகிறார். இன்னொன்று, இந்தப் பேச்சால் வரும் சிக்கலை நீங்கள் போன பிறகு அந்த வீடுதான் சுமக்கும். நினைவு நாள் நிகழ்வுகளுக்குத் தோழியின் வீட்டார் கூட்டிப்போனால் போங்கள், தனியே போகாதீர்கள், படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள்.

இந்தியா என்றால் இங்கே ஒரு உணர்வு மட்டும் இல்லை. 1987 இலிருந்து 1990 வரை இருந்த இந்தியப் படையின் காலத்தில் ஆளை இழந்த வீடுகள் உண்டு. மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்து உங்களைவிட நன்றாக மதுரைத் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் தேயிலைத் தோட்ட மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்களில், பாட்டனார் வந்த புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கிராமத்தின் பெயரை மட்டும் கையில் வைத்திருக்கிற முதியவர்களைச் சந்திப்பீர்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கைத்தொலைபேசி வரைபடத்தில் தேடிக் காட்டுங்கள். அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அது. சாதி மட்டும் யாரிடமும் விசாரிக்காதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள். இங்கே அது இல்லை என்பதால் அல்ல.

கட்டுரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குசினியில் கேட்டதை எழுதுவதாக இருந்தால் சொன்னவரின் சம்மதம் வேண்டும். அவர் உங்களிடம் சொன்னது மகளின் சினேகிதி என்பதற்காக, கட்டுரைக்காக அல்ல. வீட்டார் பெயர், முகம், வீட்டின் முன்பக்கம், சுவரில் இருக்கும் படங்கள் எதுவும் வேண்டாம். அனுப்புவதற்கு முன் தோழிக்கு முழுவதும் வாசிக்கக் கொடுங்கள். ஒரு பந்தியை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். உப்புநீர் விளக்கும் குளத்துத் தண்ணீர்ப் பங்கீடும் வீடு கட்டின கதையுமே ஒரு நல்ல கட்டுரைக்குப் போதும்.

பொங்கலுக்கு வருவதென்றால் திகதியைத் தோழியிடம் இப்போதே கேட்டு, பஸ்ஸில் இடம் பதிந்துவிடுங்கள். அந்தக் கிழமை முல்லைத்தீவு பஸ்களில் நிற்கவும் இடம் கிடைக்காது.